ஒரு அங்குல ஏர் டயாஃப்ரம் பம்ப்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடை ஃபில்டர் பிரஸ்ஸுக்கு (தட்டுகளுக்கு இடையிலுள்ள துணியில் கசடை வடிகட்டி நீரைப் பிரிக்கும் இயந்திரம்) ஏற்ற, பாலிபுரொப்பிலின் உடம்புள்ள ஒரு அங்குல ஏர் டயாஃப்ரம் பம்பைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதே பம்பை வெறும் தண்ணீர் மாற்ற நாள் முழுக்க ஓடவிடுகிறார்கள். காசு கரைவது அங்கேதான்.

இதில் மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் காற்றில் ஓடும். ஒரே ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒவ்வொரு டயாஃப்ரம், அதாவது வளைந்து கொடுக்கும் சவ்வு. ஏர் வால்வு ஒரு டயாஃப்ரத்தின் முதுகுப்பக்கம் காற்றை விட்டதும் அது முன்னால் இருக்கும் கசடைத் தள்ளும். ஷாஃப்ட்டோடு இழுபடும் மற்ற டயாஃப்ரம் உறிஞ்சும். ஓட்டம் முடிந்ததும் வால்வு காற்றை மறுபக்கம் திருப்பும். அறைக்கு இரண்டு வீதம் நான்கு பால்கள் (வால்வு உருண்டைகள்), போன திரவம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளும். இம்பெல்லரும் இல்லை, மெக்கானிக்கல் சீலும் இல்லை. தொட்டி காலியாகி பம்ப் வெறுமனே ஓடினால் சென்ட்ரிஃபியூகலில் சீல் போய்விடும், ஸ்க்ரூ பம்பில் ரப்பர் ஸ்டேட்டர் கருகிவிடும். இதற்கு அந்தப் பயம் இல்லை.

பிரஸ்ஸுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கொடுக்கும் காற்றழுத்தத்தைத் தாண்டி டெலிவரி அழுத்தம் ஏறாது. கேக் (தட்டுகளுக்கு இடையில் இறுகும் கசடு) கட்டக் கட்ட பம்ப் தானே மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். ஸ்க்ரூ பம்பாக இருந்தால் ரிலீஃப் வால்வோ பிரஷர் சுவிட்சோ இல்லாமல் இந்த இடத்தில் வைக்கவே கூடாது. ரெகுலேட்டரை முதலில் 2 பாரில் வைத்து, தட்டுகள் நிரம்பிய பிறகு படிப்படியாக 5, 6 பாருக்கு ஏற்றுங்கள். எடுத்த எடுப்பிலேயே முழு அழுத்தம் கொடுத்தால் நுண்கசடு துணியின் கண்ணை அடைத்துவிடும். கேக்கின் நடுப்பகுதி சேறாகவே நிற்கும்.

இப்போது செலவுக் கணக்கு. நிமிடத்துக்கு 60 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயர்த்த, தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி சுமார் 100 வாட். அரை ஹெச்.பி. சென்ட்ரிஃபியூகல் பம்பே இதைச் செய்துவிடும். டயாஃப்ரம் பம்ப் இதே வேலைக்கு ஏறத்தாழ 10 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்றைக் குடிக்கும். கம்ப்ரசரில் ஒரு ஹெச்.பி.க்கு 4 சி.எஃப்.எம். கிடைக்கும் என்று வைத்தால் 2.5 ஹெச்.பி. ஆகிறது. கசடு, ஆசிட் டிரம் என்று விட்டுவிட்டு ஓடும் வேலைக்கு இதைப் பொறுக்கலாம். தினமும் எட்டு மணி நேரம் ஓடும் வேலைக்கு முடியாது.

விலைப்பட்டியலில் போட்டிருக்கும் அதிகபட்ச லிட்டரை நம்பி அளவெடுக்காதீர்கள். அது முழுக் காற்றழுத்தத்தில், ஹெட் (ஏற்ற வேண்டிய உயரம்) இல்லாமல் எடுத்தது. உங்கள் ஹெட்டுக்கு எவ்வளவு வரும் என்று பம்பின் கர்வ் (ஹெட்டுக்கு ஏற்ப வரும் லிட்டரைக் காட்டும் வரைபடம்) பார்த்துக் கேளுங்கள்.

சுண்ணாம்புக் கசடுக்கு சான்டோபிரீன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) டயாஃப்ரம் நல்ல உழைப்பு. ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு டெஃப்லான் சரி, ஆனால் அது விறைப்பானது என்பதால் காலிக் குழாயில் உறிஞ்சும் உயரம் குறையும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் போடுங்கள், இ.பி.டி.எம். ரப்பர் எண்ணெயில் ஊதிவிடும். டொலுவீன் போன்ற கரைப்பான்களுக்கு பாலிபுரொப்பிலின் உடம்பே கூடாது. நிலைமின்சாரம் சேர்ந்து தீப்பொறி பறக்கலாம், எனவே உலோக உடம்பும் எர்த்தும் கட்டாயம். 80 டிகிரிச் சாய நீரையும் இந்தப் பிளாஸ்டிக் உடம்பில் விடாதீர்கள்.

பட்டறையில் அடிக்கடி வரும் புகார், பம்ப் டக்டக்கென்று அடிக்கிறது, தண்ணீர் வரவில்லை என்பது. பெரும்பாலும் நூலும் பஞ்சும் வால்வு பாலுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் இடையில் சிக்கியிருக்கும். சக்‌ஷனில் ஸ்ட்ரெய்னர் இருந்தால் பாதித் தொல்லை குறையும். டெலிவரியை மூடிய பிறகும் பம்ப் அடித்துக்கொண்டே இருந்தால் சீட் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றால் காற்றில் ஈரம்: காற்று வெளியேறும் சைலன்சரில் பனி கட்டியிருக்கும். ஃபில்டர் ரெகுலேட்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை தினமும் திறந்துவிட வேண்டும்.

பொருத்தும்போது இரு பக்கமும் ஹோஸ் கொடுங்கள். நேரடியாக இறுகிய குழாயில் மாட்டினால் அதிர்வில் பம்பின் மேனிஃபோல்ட் (குழாய் சேரும் பகுதி) விரிசல் விடும். சக்‌ஷன் ஹோஸ் கம்பிச்சுருள் வைத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உறிஞ்சும்போது அமுங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உடம்பு போல்ட்டுக்கு அடியில் மெல்ல அமுங்குவதால் முதல் ஓட்டத்துக்கு முன்பும், சில நாள் ஓடிய பிறகும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.

டயாஃப்ரம் கிழிந்தால் திரவம் சைலன்சர் வழியாகத்தான் வெளியே பீய்ச்சும். ஆசிட் ஏற்றும் பம்பில் சைலன்சரை ஆள் முகத்துக்கு நேரே விடாமல், எக்ஸாஸ்டைக் குழாய் போட்டு ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இறக்கிவிடுங்கள்.