ஃபைபரில் போகும் கன்ட்ரோல் சிக்னல்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கல்லூரி ஆடிட்டோரியத்தின் ஏவி (ஒலி, படக் கருவிகள்) வேலை என் பொறுப்பு. கன்ட்ரோல் ரூமில் இருக்கும் மேட்ரிக்ஸ் ஸ்விட்சரிலிருந்து (எந்தப் படம் எந்தத் திரைக்கு என்று மாற்றிவிடும் பெட்டி) மேடைப் புரொஜெக்டருக்கும், பக்கத்து பிளாக் செமினார் ஹாலுக்கும் ஃபைபர் எக்ஸ்டெண்டர் (சிக்னலை ஒளியாக்கிக் கண்ணாடி இழையில் அனுப்பும் ஜோடிப் பெட்டி) போட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஃபைபர் என்றாலே எல்லோரும் 4கே படத்தைத்தான் கேட்கிறார்கள். படம் நன்றாக வருகிறது, அவ்வளவுதான். நான் தினமும் மல்லுக்கட்டுவது கூடவே போகிற கன்ட்ரோல் சிக்னலோடு: புரொஜெக்டருக்கு ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட் வழிக் கட்டளை), கேமராவுக்கு விஸ்கா (கேமராவை இயக்கும் கட்டளை முறை), டிவிக்கு ஐஆர் (ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னல்).

செம்புக் கம்பியில் ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டர் வரைதான் என்பார்கள். 9600 பாட் வேகத்தில் அதைத் தாண்டியும் ஓடும்; எங்களுக்கு ஓடியது. எங்கள் தலைவலி தூரம் அல்ல, இடி. இரண்டு பிளாக்குக்கும் எர்த் தனித்தனி. ஐப்பசியில் பலமாக இடித்தால் மறுநாள் ஏதாவது ஒரு சீரியல் போர்ட் செத்துக் கிடக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போயே போச்சு. ஆனால் ஆர்மர்டு கேபிள் போட்டால் அதன் எஃகு உறை கடத்தும். அதை உபகரணம் வரை இழுத்து வரக் கூடாது. ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும். பலவற்றில் படம் மட்டும்தான் ஒளியில் போகிறது, சிஇசியும் (கருவிகளுக்கு இடையிலான கட்டளை) ஈடிஐடியும் (திரை தன் திறனைச் சொல்லும் தகவல்) உள்ளே மெல்லிய செம்பில்தான் போகின்றன.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, பதில் திரும்பி வருமா என்பதை. அதற்கு இன்னொரு கோர் (இழை) வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கோரில் வேறு அலைநீளம் வேண்டும். மலிவான சில பெட்டிகள் கட்டளையை ஒரு பக்கமாக அனுப்புவதோடு சரி. புரொஜெக்டர் ஆன் ஆனதா என்று தெரியாமலே டச் பேனலில் பச்சை விளக்கு எரியும். எங்களுடையது டூப்ளெக்ஸ் எல்சி, அதாவது இரண்டு இழை கொண்ட இணைப்பு. புரொஜெக்டர் விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஃபில்டர் அடைத்துவிட்டதா என்பதெல்லாம் இருந்த இடத்திலேயே தெரிகிறது. கொடுத்த காசுக்கு இதுதான் பெரிய லாபம்.

குறையும் உண்டு. ஃபைபர் கரன்ட் கொண்டுபோகாது. எச்டிபேஸ்டி (நெட்வொர்க் கேபிளில் படம் அனுப்பும் முறை) கேபிளிலேயே மறுமுனைப் பெட்டிக்குக் கரன்ட் கொடுத்துப் பழகியவர்களுக்கு, ரெண்டு முனையிலும் அடாப்டர் செருகுவது எரிச்சலாக இருக்கும். கரன்ட் போய் வந்தால் இன்னொரு வம்பு: ஸ்விட்சர் முந்திக்கொண்டு 'ஆன்' கட்டளையை அனுப்பிவிடும், ஒளி லிங்க் அப்போதுதான் எழுந்து கொண்டிருக்கும். எங்கள் எக்ஸ்டெண்டர் அதைச் சேமித்து வைப்பதில்லை. கட்டளை காற்றோடு போச்சு. இப்போது மேக்ரோவில் (தானாக ஓடும் கட்டளைத் தொடர்) அரை நிமிடம் காத்திருக்கச் சொல்லி, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வைத்திருக்கிறேன். மறுமுனைக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வைத்தாயிற்று.

ஐஆரை நம்ப வேண்டாம். ஃபைபர் ஒழுங்காகத்தான் கொண்டுபோகிறது, ஆனால் ரிசீவர் முனையில் ஒட்டிய எமிட்டர் (ஐஆர் உமிழும் சின்ன விளக்கு) கொஞ்சம் நகர்ந்தாலும் டிவி அசையாது. அப்புறம் ஃபைபர் முனையில் சேரும் தூசி. படத்தில் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தாலே கிளீனர் பேனாவை எடுத்துவிடுவேன். எல்லாம் ஒரே ஒளியில் போவதால் லிங்க் விழுந்தால் கன்ட்ரோலும் சேர்ந்தே விழும்.

புதுப் புரொஜெக்டர்களில் பிஜேலிங்க் இருக்கிறது, நெட்வொர்க் வழியே ஓட்டலாம். ஆனால் கல்லூரி நெட்வொர்க் என் கையில் இல்லை. யாராவது ஐபியை மாற்றினால் விழா நடுவே நான்தான் ஓட வேண்டும். அதனால் சீரியலை விடுவதாக இல்லை.