பத்து நாளில் 4 கிலோ குறைத்துக் காட்டுகிறார்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது, இன்ஸ்டாகிராமில் 'வெயிட் லாஸ் கோச்' என்று சொல்லிக்கொண்ட ஒருவரிடம் மூன்று மாதத்துக்கான பணத்தை மொத்தமாகக் கட்டி ஏமாந்தேன். நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் போட்டோவை வாங்கி, வயிற்றிலும் தொடையிலும் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியதுதான் அவர் செய்த முதல் வேலை. அதுவரை நான் பெரிதாகக் கவனிக்காத இடங்கள் அவை, அதற்கப்புறம் கண்ணாடியில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஏதாவது நோய் உண்டா, மாதவிடாய் சரியாக வருகிறதா என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஒரு டீ, ஒரு பவுடர், நாளுக்கு 600 கலோரி, தினமும் காலை ஆறு மணிக்கு எடை மெஷினைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பத்து நாளில் 4 கிலோ இறங்கியது. சந்தோஷத்தில் தோழிகளுக்கும் அவர் நம்பரைக் கொடுத்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்தால் உடம்பு முதலில், தான் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை எடுத்துச் செலவழிக்கும், அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால் அதுவும் கூடவே போய்விடும், எடை மளமளவென்று குறையும். மிச்சத்தை டீ பார்த்துக்கொண்டது. பாக்கெட்டின் மடிப்புக்குள் பொடி எழுத்தில் 'சென்னா' என்றிருந்தது, மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பேதி மருந்து அது!

இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, அவரிடம் போனதும் வகுப்பில் மயங்கி விழுந்த பிறகுதான். 800 கலோரிக்குக் கீழே போகும் டயட்டை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் எடுக்கவே கூடாதாம். அதற்குள் இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அடுத்த மாதம், குளித்து முடிப்பதற்குள் பாத்ரூம் சல்லடையில் தண்ணீர் தேங்கும், குனிந்து எடுத்தால் கை நிறைய முடி. கோச்சிடம் சொன்னதற்கு "உடம்பிலிருந்து டாக்ஸின் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றார். சரி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் "உங்களுக்கு மன உறுதி இல்லை" என்று ஒரு மெசேஜ், அடுத்த நிமிடம் பிளாக்.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த மூன்றே வாரத்தில் அந்த 4 கிலோவும் திரும்ப வந்துவிட்டது. ஆனால் பத்தாவது நாள் நான் அனுப்பிய படத்தை, முகத்தை மட்டும் மறைத்து, அவர் இன்னும் விளம்பரத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எடுக்கச் சொல்லி ஒரு தோழியின் நம்பரிலிருந்து கேட்டேன், அந்த நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.