ஃபார்ம் செலக்டர்களைச் சுருக்கி எழுதிய ஆறு வருடங்கள்

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு நான் வந்ததே ஜேகுவெரி என்ற லைப்ரரி வழியாகத்தான். பக்கத்தில் எது வேண்டும் என்று குறிக்கும் சொல்தான் செலக்டர்; ஜேகுவெரியில் ‘:இன்புட்’ என்று ஒரு செலக்டர் போதும். இன்புட், டெக்ஸ்ட்ஏரியா, செலக்ட், பட்டன் என்ற ஃபார்ம் ஃபீல்டு வகைகள் நான்கும் வந்து நிற்கும். பழகிய கை சும்மா இருக்குமா? ஜேகுவெரி இல்லாத ப்ராஜெக்டிலும் பிரவுசரின் சொந்தத் தேடல் ஃபங்ஷனான குவெரிசெலக்டர்ஆலுக்குள் அதையே தட்டினேன். கன்சோலில் சிவப்பு எரர். அது ஜேகுவெரியின் சொந்தச் சரக்கு, பிரவுசருக்குத் தெரிந்த சிஎஸ்எஸ் செலக்டர்களில் கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது.

கொஞ்ச நாள் மூன்று நான்கு டேக் பெயர்களைக் காற்புள்ளி போட்டு எழுதிப் பார்த்துவிட்டு, ஃபார்மின் ஃபீல்டுகளைத் தொகுத்துத் தரும் ஃபார்ம்.எலிமென்ட்ஸ் பக்கம் வந்தேன். செலக்டரே தேவையில்லை. ஃபீல்டின் நேமைச் சொன்னால் ஃபீல்டு கையில். ஃபார்முக்கு வெளியே கிடந்தாலும் ‘ஃபார்ம்’ ஆட்ரிபியூட்டால் கட்டிவைத்த பட்டனும் இதில் வந்துவிடும். ஃபார்முக்குள் மட்டும் தேடும் குவெரிசெலக்டரிடம் அது சிக்காது. ‘இமேஜ்’ வகை இன்புட்டை மட்டும் எலிமென்ட்ஸ் சேர்த்துக்கொள்ளாது.

என்னை நன்றாக அலையவிட்டது, பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கும் ரேடியோ பட்டன். ஒரே நேமில் இரண்டு மூன்று இருந்தால் எலிமென்ட்ஸ் தருவது ரேடியோநோட்லிஸ்ட் என்ற பட்டியல்; அதன் வேல்யூ, டிக் ஆனதன் மதிப்பு. எதுவும் டிக் ஆகவில்லையென்றால் வெற்று ஸ்ட்ரிங். அருமை என்று எல்லா இடத்திலும் அதையே போட்டேன். ஒரு நாள் சர்வரிலிருந்து ஒரே ஒரு ஆப்ஷன் வந்தது. ஒன்றுதான் என்றால் லிஸ்ட் கிடையாது, அந்த இன்புட்டே நேராகக் கிடைக்கும். டிக் ஆனதோ இல்லையோ, அதன் வேல்யூ நிரம்பித்தான் இருக்கும். யாரும் தேர்ந்தெடுக்காத ஆப்ஷன் தேர்ந்தெடுத்ததாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. எரர் எதுவும் இல்லாததால் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போனது. செக்பாக்ஸ் கூட்டத்துக்கோ இந்த வேல்யூ உதவவே உதவாது, எப்போதும் வெற்று ஸ்ட்ரிங்தான்.

எலிமென்ட்ஸையும் விட்டு, ஃபார்ம் என்பதற்குப் பின் புள்ளி வைத்து ஃபீல்டின் நேமை நேராக எழுதி இன்னும் சுருக்குபவர்கள் உண்டு. எனக்கு அது ஆகாது. பட்டனுக்கு ‘சப்மிட்’ என்று நேம் வைத்த ஃபார்மில் சப்மிட் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பாருங்கள், அந்தப் பெயரில் பட்டனே வந்து நிற்பதால், அது ஃபங்ஷனே இல்லை என்று எரர் வரும்.

டிக் ஆனதை மட்டும் பிடிக்கும் ‘:செக்டு’ செலக்டரைப் போடும்போது முன்னால் ‘இன்புட்’ சேர்ப்பதும் பழக்கமாகிவிட்டது. இல்லையென்றால் செலக்டில் தேர்வான ஆப்ஷனும் எண்ணிக்கையில் ஏறிவிடும்.

மொத்தமாக மதிப்புகளை அள்ள இப்போது ஃபார்ம்டேட்டாதான், டிஸேபிள் ஆன ஃபீல்டுகள் அதில் வராது என்பதை மறக்காமல். ஒற்றை ஃபீல்டு என்றால் எலிமென்ட்ஸ். ரேடியோவுக்கு மட்டும் நேமும் ‘:செக்டு’ம் சேர்த்த நீளச் செலக்டரையே எழுதுகிறேன்.