ஏன் வரவில்லை என்று கேட்கிற கிளினிக்

1996-இலிருந்து மலேசியாவில் எங்கள் பட்டணத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய் வருகிறேன். முதலில் பிரசவத்துக்காகப் போனேன், பிறகு அம்மாவின் இனிப்பு நீருக்காக (நீரிழிவு), இப்போது என் இரத்தக் கொதிப்புக்காகவும். சுகாதாரச் சீர்திருத்தம் என்றாலே புதுக் கட்டடம், செயலி, ஒதுக்கீடு என்றுதான் பேச்சு ஓடுகிறது. இத்தனை வருடம் நாற்காலியில் காத்திருந்த எனக்கு ஒரு கேள்விதான் முக்கியம்: வரவேண்டிய நாளில் ஒருவர் வராமல் போனால் கிளினிக் என்ன செய்கிறது?

நான் பிறந்தது கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்சர்தான் எல்லாம். எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாருக்கு இருமல், யார் வீட்டில் குழந்தைக்குப் பேதி என்று கேட்காமலே சொல்வார். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். காய்ச்சல் சீட்டு கிடைத்தால்தான் லீவு, கிடைக்காவிட்டால் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போயாக வேண்டும். உடம்பு கொதிக்கக் கொதிக்க அம்மா பால் வெட்டப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கம்பத்துக்காரர்களுக்கு (மலாய்க் கிராமத்தாருக்கு) அப்போதே அரசாங்கச் சேவை இருந்தது. 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா (கிராம கிளினிக்), 20,000 பேருக்கு ஒரு கிளினிக் கெசிஹாத்தான் (பெரிய சுகாதார கிளினிக்) என்பது திட்டம். தோட்டத் தொழிலாளியின் உடம்பைத் தோட்டமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்ததால், நாங்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றோம். தோட்டம் கைமாறி, ரப்பர் செம்பனையாகி, லயங்கள் காலியானபோது டிரஸ்சரும் போய்விட்டார். பட்டணத்து மலிவு வீடுகளுக்கு வந்த பிறகுதான் அரசாங்க கிளினிக்கின் படியை மிதித்தோம்.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூடுதல். புத்தகத்தில் மஞ்சள் ஒட்டினார்கள். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்தின் அளவுக்கு ஒரு நிறம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனதில் ஒரு பரிசோதனையைத் தவறவிட்டேன். மூன்றாம் நாள் மிஸ்ஸி (தாதி) மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். திட்டவில்லை, உட்கார வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார். இந்த நாட்டில் பிரசவத்தில் தாய் சாவது இவ்வளவு குறைந்ததற்கு அப்படித் தேடி வந்த தாதிகளும் காரணம் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

அந்தப் பழக்கம் இனிப்பு நீர்க்காரர்களுக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆனது. அம்மாவுக்கு 2004-இல் கண்டுபிடித்தார்கள். விடிகாலை ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுப்போம், பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். ஒரு கட்டத்தில் அம்மா ஏழு மாதம் போகவில்லை. அந்த ஏழு மாதமும் எங்கிருந்தும் ஓர் அழைப்பு இல்லை. நானும் சின்னவன் பரீட்சை, வேலை என்று விட்டுவிட்டேன். காலில் வந்த புண்ணை அம்மா செருப்புக் கடி என்று நினைத்திருந்தார். 2011-இல் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காக என்னைத் தேடி வந்த அதே சேவை என் அம்மாவைத் தேடவில்லை என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

2017-இல் ஜொகூரிலும் சிலாங்கூரிலும் 20 கிளினிக்குகளில் சுகாதார அமைச்சு ஒரு புது முறையைச் சோதித்துப் பார்த்தது. நாள்பட்ட நோய்க்காரர்களை வட்டாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மருத்துவக் குழுவைப் பொறுப்பாக்குவது அதன் மையம். எங்கள் கிளினிக் அந்த இருபதில் இல்லை. இருந்தாலும் பிறகு இங்கேயும் குழு பிரித்தார்கள். கண் படம், பாதப் பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எல்லாம் ஒரே வரிசையில் நடக்க ஆரம்பித்தன. 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எங்கள் பட்டணத்தில் அதற்கு ஆய்வே தேவையில்லை, எந்தக் கல்யாணப் பந்தியிலும் தெரிந்துவிடும்.

குழுவால் என்ன லாபம் என்பதை ஒரு வெள்ளிக்கிழமைதான் காட்டியது. அம்மா தலை சுற்றுகிறது என்பதற்கு டாக்டர்களிடம் "கெப்பாலா பூசிங்" என்பார். தலைச்சுற்றல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் குழுவில் ஒரு பெண் டாக்டர் அம்மாவை இரண்டு வருடமாகத் தொடர்ந்து பார்த்தார். மூன்றாவது முறையும் அதே புகார் வந்தபோது, எந்த நாளில், எந்த நேரத்தில் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்று அம்மாவுக்கு விரதம். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கிற கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை சாப்பிடாமல் இருப்பார். அது தலைச்சுற்றலே இல்லை, சர்க்கரை தாழ்ந்து போகிற நடுக்கம். நோன்பு மாதத்தில் முஸ்லிம்களுக்கு மருந்து வேளையை மாற்றிக் கொடுப்பது கிளினிக்கில் வழக்கம்தான். வெள்ளிக்கிழமை விரதம் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. புரட்டாசிக்கும் சேர்த்து அன்றே மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் இது பிடிபட்டது.

அந்த டாக்டர் இப்போது இங்கே இல்லை. 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். பழகிய முகம் நிலைப்பது கடினம். ஆட்கள் நிலைக்காமல் குழுவை மட்டும் பிரித்துப் பயனில்லை. சீர்திருத்தத்தில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

பணம் சார்ந்த திட்டங்களையும் பயன்படுத்தியிருக்கிறோம். பெக்கா பி40 என்கிற, குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கத் திட்டம் 2019-இல் வந்தது. உதவித்தொகை பெறுகிற குடும்பத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தனியார் கிளினிக்கிலும் இலவசப் பரிசோதனை உண்டு. லாரி ஓட்டுகிற என் கொழுந்தனார் அதில்தான் தன் சர்க்கரையைத் தெரிந்துகொண்டார். முடிவுத் தாளைக் கையில் கொடுத்து அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். தாள் எட்டு மாதம் லாரியின் டேஷ்போர்டில் கிடந்தது. கண்டுபிடித்தவருக்கும் கவனிக்க வேண்டியவருக்கும் நடுவே ஒரு தகவலும் போகவில்லை.

2023 ஜூன் 15-ஆம் தேதி சுகாதார வெள்ளை அறிக்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 15 ஆண்டுத் திட்டம், நோய் வந்தபின் ஓடுவதைவிட வருமுன் காப்பதும் அடிப்படைச் சிகிச்சையை வலுப்படுத்துவதும் அதன் போக்கு. அதே நாளில் மடானி மருத்துவத் திட்டமும் 10 மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு விரிந்தது. அதில் குடும்பத்துக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) வரை தனியார் கிளினிக்கில் காய்ச்சல், சளி போன்றவற்றுக்குப் பார்க்க முடிந்தது. பேரனுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் காய்ச்சல் வந்தபோது கைகொடுத்தது. அம்மாவின் நோய்க்கு அது உதவாது.

மைசெஜாத்ரா என்கிற அரசாங்கச் செயலியில் முன்பதிவு வந்ததில் விடிகாலை வரிசை ஒழிந்தது. அம்மாவுக்கு நான் செய்து கொடுக்கிறேன். தனியாக இருக்கிற கிழவிகள் இன்னமும் ஆறு மணிக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மாவுக்கு இப்போது 77. போன மாதம் சொந்தத்தில் ஒரு காரியம் என்று ஈப்போ போய்விட்டோம், தேதியை மறந்தே போனேன். மறுநாள் காலை ஒரு தாதி அழைத்தார். "மாக்சிக் ஏன் வரவில்லை? உடம்பு சரியில்லையா?" என்று அம்மாவைப் பற்றி மலாயில் கேட்டு, அடுத்த செவ்வாய்க்கு நேரம் கொடுத்தார். வைக்கும் முன், இதே முகவரியில் இன்னொருவரும் வரவில்லை, அவருடைய எண் வேலை செய்யவில்லை என்றார். அது என் அத்தை. அவர் அட்டையில் இருந்தது பழைய வீட்டுத் தொலைபேசி எண். செவ்வாய்க்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போய், முகப்பில் முதல் வேலையாக என் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.