பற்றறி மாத்தினா பெற்றோல் மிஞ்சுமா? திருமலை வெயிலுக்கு எது சரிவரும்

காலமை கார் ரெண்டு மூண்டு தரம் அடிச்சாத்தான் ஸ்டார்ட் வருது, பெற்றோலும் கூடக் குடிக்குது, ரெண்டுக்கும் பற்றறிதான் காரணம், விலை கூடின ஒண்டாப் பாத்துப் போட்டா எல்லாம் சரி எண்டு ஒரு கதை எங்கட திருகோணமலைப் பக்கம் நல்லா ஓடுது. 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீற்றர் அடிச்ச காலத்தில இருந்து எல்லாரும் லீற்றர் கணக்குப் பாக்கப் பழகீட்டாங்க, இங்க சீனக்குடாவில அவ்வளவு எண்ணெய் டாங்க் கிடந்தும் எங்களுக்கு விலையில ஒரு சதம் குறையேல்ல, அதால இந்தக் கதை எடுபடுறதும் நியாயம்தான். ஆனா உங்களிட்ட என்ன கார் நிக்குது எண்டதைப் பொறுத்துத்தான் அது உண்மையா பொய்யா எண்டு சொல்லலாம்.

ஐடில் ஸ்டொப்பும் (கார் நிண்டா எஞ்சின் தானா நிக்கிறது) ஹைபிரிட்டும் (பெற்றோலோட பெரிய பற்றறியாலயும் ஓடுறது) இல்லாத காரை முதல் எடுப்பம், மாருதி 800, பழைய ஆல்ட்டோ, பழைய விட்ஸ் மாதிரி. எஞ்சின் எழும்பினதோட பற்றறிட பெரிய வேலை முடிஞ்சுது, பிறகு லைட், புளோவர் எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிறது எஞ்சின் சுத்துற ஓல்ட்டனேற்றர், பற்றறியை ஏத்துறதும் அதுதான். பழுதாகிற பற்றறி ஏத்தினதைப் பிடிச்சு வைக்காது, ஓல்ட்டனேற்றர் ஓயாம ஏத்தும், அந்தப் பாரம் பெல்ட்டால எஞ்சினுக்கு வரும், கதையிட அடி அதுதான். சரி, கணக்கைப் பாருங்கோ. கூட ஒரு 5 அம்பியர் எந்த நேரமும் இழுக்குது எண்டு வைச்சா 14 வோல்ற்றில 70 வற், ஓல்ட்டனேற்றரில வீணாப் போறதையும் சேர்த்தா எஞ்சினுக்கு 120 வற் போல. லீற்றருக்கு 20 ஓடுற கார் 19.7 ஓடும். இதைப் பெற்றோல் செட்டில நிண்டு கண்டுபிடிக்கேலாது, நாலு ரயரிலயும் காத்து நல்லா இறங்கி இருந்தா இதை விட நட்டம், ஏசி கொம்பிரசர் தனிய ஆயிரம் வற்றுக்கு மேல இழுக்குது.

ஒரு செல் ஷோர்ட் ஆன பற்றறி மட்டும் வேற விசயம். எஞ்சின் நிப்பாட்டி வைச்சு அளந்தா 10.5 வோல்ற் போலதான் காட்டும், ஓல்ட்டனேற்றர் விடாம அள்ளி ஊத்தும், மிச்ச அஞ்சு செல்லும் கொதிச்சு கூழ் முட்டை மணம் வரும். அதை வைச்சு ஓட வேண்டாம், ஓல்ட்டனேற்றரையும் சேர்த்துக் கொண்டு போயிடும்.

அப்ப சாதாரண காருக்கு மைலேஜை மறந்திட்டு எது கனநாள் நிக்கும் எண்டு மட்டும் பாருங்கோ. இங்க பெரிய எதிரி சூடு. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில வெளியிலயே 35க்கு மேல போகுது, பொனட்டுக்குள்ள எவ்வளவு எண்டு கேக்கவும் வேண்டாம், சூடு 10 பாகை கூடினா பற்றறி ஆயுள் கிட்டத்தட்டப் பாதி எண்டு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. இதில மூடி கழட்டித் தண்ணி விடுற பற்றறிக்கும் தண்ணி விடத் தேவையில்லாத மெயின்டனன்ஸ் ஃப்ரீக்கும் போட்டி. என்ட வாக்கு மூடி உள்ளதுக்குத்தான், ஏனெண்டா சூட்டில தண்ணி வத்தும், வத்தினதை இதில திருப்பி ஊத்தலாம், மற்றதில வத்தினா வத்தினதுதான். எக்சைட், லூக்கஸ் எண்டு இலங்கையிலயே செய்யிறதும் இருக்கு, தேடி அலையத் தேவையில்ல. ஆனா மாசம் ஒருக்காப் பொனட்டைத் திறந்து பாக்கிற ஆளா இருக்கோணும், ஊத்துறது டிஸ்டில்ட் வோட்டராவும் இருக்கோணும், கிணத்துத் தண்ணி கூடாது, கன்னியா வெந்நீரூத்துத் தண்ணியெண்டாலும் கூடாது, அதில இருக்கிற உப்பு பிளேட்டைத் தின்னும். திறந்தே பாக்காத ஆக்களும், காரை வாரக்கணக்கா நிப்பாட்டி வைக்கிற ஆக்களும் மெயின்டனன்ஸ் ஃப்ரீ போடுங்கோ, சும்மா நிண்டாலும் அதில சார்ஜ் மெதுவாத்தான் இறங்கும். ஒண்டு, லைட்டை அணைக்காம விட்டு அடியோட இறக்கினா அது திரும்ப ஒழுங்கா எழும்புறது கஷ்டம்.

றீகண்டிஷன் எண்டு விக்கிறது மூண்டாவது. உதிர்ந்த பிளேட் திரும்ப ஒட்டாது. காரை விக்கப் போறவருக்கு அது லாபம், வாங்கப் போறவர் கவனம்.

உவர்மலையில இருந்து மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுற காருக்கு எதைப் போட்டாலும் கெதியாத்தான் சாகும், ஸ்டார்ட்டுக்கு எடுத்த கரண்ட் திரும்ப ஏற முதல் வீடு வந்திடும். இடைக்கிடை நிலாவெளிப் பக்கமோ தம்பலகாமம் பக்கமோ ஒரு அரை மணித்தியாலம் நீட்டி ஓடிட்டு வாங்கோ. கடற்காத்துக்கு டேர்மினலில பூக்கிற வெள்ளைப் பச்சைத் தூளை சுடுதண்ணியும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி வாசலின் பூசினாலே பாதிப் பேருக்கு ஸ்டார்ட் பிரச்சினை தீரும், காசும் மிஞ்சும்.

ஐடில் ஸ்டொப் உள்ள வாகன் ஆர், மீரா மாதிரிக் காருகளில கதை மாறுது. பற்றறி கொஞ்சம் தளர்ந்தாலே கார் எஞ்சினை நிப்பாட்டுறதை விட்டிடும், மைலேஜ் இறங்கிறது கண்ணுக்குத் தெரியும். இதுகளுக்கு கே-42, எம்-42 எண்டு எழுதியிருக்கிற தனிப் பற்றறி, இஎஃப்பி எண்டு பலப்படுத்தின வகை, அடிக்கடி ஸ்டார்ட் அடிக்கிறதையும் பிறேக் பிடிக்கேக்க வாற கரண்டை டக்கெண்டு வாங்கிறதையும் தாங்கும், விலையும் நல்லா ஏறும். அதே இடத்தில 40பி19 எண்ட சாதாரணப் பற்றறியும் பொருந்தும்தான், கனபேர் அதைப் போட்டு ஐடில் ஸ்டொப்பை சுவிச்சால நிப்பாட்டி ஓடுறாங்க. கொழும்பில எண்டா நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டன். திருமலையில சிக்னலில நிண்டு பெற்றோல் எரிக்கிற நேரம் எவ்வளவு சொல்லுங்கோ, அதுவும் ஏசி போட்ட கார் நிண்ட கையோட திரும்ப ஸ்டார்ட் ஆகும். ஊருக்குள்ளயே ஓடுற ஆள் சாதாரணத்தைப் போட்டாலும் பெற்றோலில பெரிசா நட்டப்படாது, ஆனா அது கெதியா மாத்த வரும், அதுக்கு மனசு இருக்கோணும். ஹபரணை தாண்டி அடிக்கடி கொழும்பு போற ஆள் காருக்குரிய கே-42வோ எம்-42வோ அதையே போடுங்கோ. போட்ட பிறகு சில காருக்கு ஸ்கேனரால ரீசெட் அடிக்கோணும், இல்லாட்டி பழசு எண்டு நினைச்சு ஐடில் ஸ்டொப் வராது, பிறகு பற்றறியைப் பேசிப் பிரயோசனமில்ல. ஏஜிஎம் (அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில உறிஞ்சி வைச்சிருக்கிற, மூடின வகை) இன்னும் நல்லம் எண்டு கடையில ஏத்திவிடுவாங்க, பொனட் சூடு அதுக்கு ஒத்துவராது, தேவையில்ல.

ஏஜிஎம் கட்டாயம் வேண்டியது அக்குவா, பிரியஸ் மாதிரி 12 வோல்ற் பற்றறி ஆக்கள் இருக்கிற பக்கம் உள்ளுக்குள்ள இருக்கிற காருகளுக்கு, வாயு வெளியில போற குழாயையும் மறக்காமக் கொழுவோணும். மூடி உள்ளதை அங்க வைக்கிறது ஆபத்து. ஆனா அதை மாத்தி மைலேஜ் வரும் எண்டு எதிர்பாக்க வேண்டாம், அது செத்தா கார் ஓடத் தயார் எண்டு காட்டுற ரெடி லைட் வராது, அவ்வளவுதான். ஹைபிரிட்டில மைலேஜ் விழுந்தா பெரிய பற்றறியைப் பாருங்கோ, அக்குவாவில 144 வோல்ற், 20 மொடியூல் (உள்ளுக்குள்ள அடுக்கின சின்னப் பற்றறிகள்). அதுக்கும் முதல் பின்சீட்டுப் பக்கம் இருக்கிற ஃபேனில அடைஞ்ச தூசியை எடுங்கோ, மணல் ரோட்டில ஓடுற காருக்கு அதுவே காணும். பழுதான ஒண்டு ரெண்டு மொடியூலை மட்டும் மாத்திறது மலிவு, மற்ற எல்லாம் கிழடு எண்டதால அடுத்தது கெதியா விழும்.

எதை வாங்கினாலும் காசு குடுக்க முதல் மீற்றர் வைச்சுப் பாருங்கோ, 12.6 காட்டோணும், 12.4க்குக் கீழ எண்டா கடைத் தட்டில கனநாள் கிடந்தது, வேற கேளுங்கோ. டேர்மினல் எந்தப் பக்கம் எண்டு சொல்லுற எல், ஆர் எழுத்தையும் பாருங்கோ, மாறினா வயர் எட்டாது. கழட்டேக்க வேற ஒரு 12 வோல்ற்றைக் கொழுவி வைக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஜப்பான் ரேடியோ செட் லொக் ஆகி ஜப்பானீசில கோட் கேக்கும், எஞ்சின் கொம்பியூட்டர் படிச்சு வைச்சதும் அழிஞ்சு போகும், அதால புதுசு போட்ட முதல் டாங்க்கில வாற மைலேஜை வைச்சு நல்லதெண்டோ கெட்டதெண்டோ முடிவெடுக்காதேங்கோ, ரெண்டாவது டாங்க்கில இருந்து எழுதுங்கோ.