ஒரு லட்ச ரூபாயும் ஒரு டர்போ காரும்: ரீமேப்பா, பாக்ஸா, டயர் பிரேக்கா?

டர்போ பெட்ரோல் காருக்கு ஒரு குணம் உண்டு. சாதாரண இன்ஜினில் பத்து குதிரைசக்தி கூட்டுவதற்குள் கேம் ஷாஃப்ட், ஹெட் வேலை என்று பணம் தண்ணீராய் ஓடிவிடும். டர்போவிலோ காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலே முப்பது குதிரை வந்து நிற்கும். அதனால்தான் கையில் ஒரு லட்சம் சேர்ந்ததும் டர்போக்காரருக்குக் கை அரிக்கிறது.

பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேரமாட்டோம். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியையே எடுத்துக்கொள்கிறேன். 1.5 டிஎஸ்ஐ இன்ஜின், 150 பிஎஸ் (குதிரைசக்தி), 250 என்எம் டார்க் (முறுக்கு விசை), கியர்பாக்ஸ் 6 ஸ்பீட் மேனுவல் அல்லது 7 ஸ்பீட் டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஸ்லாவியா, டைகுன், குஷாக் ஆகியவற்றிலும் இதே இன்ஜின் வந்திருப்பதால் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். வண்டி தினமும் ஆபீஸ் போக வேண்டும், மாதம் ஒருமுறை ஊருக்குப் போக வேண்டும், வருடத்துக்கு இரண்டு மலை ஏற வேண்டும். பட்ஜெட் ஒரு லட்சம், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

ரீமேப்

இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் இருக்கும் கம்பெனி ஃபைலை எடுத்துவிட்டு மாற்றிய ஃபைலை ஏற்றுவதுதான் ஸ்டேஜ் 1. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்), இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), எரிபொருள் அளவு, டார்க் வரம்பு எல்லாமே ஒன்றுக்கொன்று பேசி வைத்தாற்போல் மாறும். செலவு ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஜிஎஸ்டி சேர்த்து 40 முதல் 60 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இன்ஜினுக்கு டியூனர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு 180 பிஎஸ்ஸுக்குப் பக்கம், 300 என்எம்முக்குப் பக்கம்.

ரூபாய்க்கு இத்தனை குதிரை என்று பார்த்தால் இதை அடிக்க வேறு ஒன்றும் இல்லை. மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போது வித்தியாசம் முதுகில் தெரியும். நன்றாகப் போட்ட மேப்பில் வண்டி கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது போல் ஓடும், உதறல் இருக்காது.

சரி, பில்லில் வராத செலவுகளைப் பார்ப்போம். முதலாவது பெட்ரோல். பல மேப்புகள் 95 ஆக்டேனை நம்பி எழுதப்பட்டவை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்து, நல்ல பெட்ரோலுக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் மாதம் சுமார் 670 ரூபாய், வருடத்துக்கு 8,000 ரூபாய் போகிறது. ஐந்து வருடம் வைத்திருந்தால் இன்னொரு ரீமேப் காசு. சென்னை மே மாத வெயிலில் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றினால் நாக்கிங் வரும், அதாவது கலவை நேரம் தவறி வெடித்து இன்ஜினைத் தட்டும். அதைக் கேட்டதும் ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில அன்றைக்கு லீவு.

இரண்டாவது, வாரன்டி. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டும்போது ஈசியூவில் வேறு ஃபைல் இருப்பது பிடிபட்டால், வண்டியின் கணக்கில் டிடி1 என்ற குறி விழும். அப்புறம் இன்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்த வாரன்டி கோரிக்கையை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ‘சர்வீஸுக்கு முன்னால் பழைய ஃபைலை ஏத்திக்கலாம் அண்ணே’ என்பார்கள். எத்தனை முறை ஃபைல் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கையும் ஈசியூவில் பதிவாகலாம் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் நீங்கள் காசு கொடுத்து ஏற்றிய மேப் அழிந்து, வண்டி பழைய 150-க்குத் திரும்பிவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. டிஎஸ்ஜி வண்டியில் இருப்பது டிக்யூ200 என்ற உலர் கிளட்ச் கியர்பாக்ஸ். அது தாங்குவதாகக் கம்பெனி சொல்லும் அளவு 250 என்எம். கம்பெனி இன்ஜின் தருவதும் அதே 250. அதாவது கியர்பாக்ஸ் வண்டி வாங்கிய நாளிலேயே எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதன் தலையில் இன்னும் 50 என்எம் ஏற்றினால் நாளைக்கே உடைந்துவிடாது. கொஞ்சம் இடம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் கத்திப்பாராவில் மாலை ஆறு மணிக்கு முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து ஏற்கெனவே சூடாகிக் கிடக்கும் கிளட்ச் அது. வாரன்டி முடிந்த பின் கிளட்ச் பேக்கோ, கியரை மாற்றிவிடும் மெக்கட்ரானிக் யூனிட்டோ போனால் நம் ஒரு லட்சம் அப்படியே அங்கே போய்ச் சேரும். மேனுவலில் இந்தப் பயம் குறைவு. அங்கே முதலில் வழுக்கப்போவது கிளட்ச்தான், அதை மாற்றுவது கைக்கு அடங்கிய செலவு.

டியூனிங் பாக்ஸ்

பூஸ்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுவது. பானெட்டைத் திறந்து மாட்டி மூட அரை மணி நேரம் போதும். பெட்டி செய்யும் வேலை ஒன்றுதான்: உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக ஈசியூவுக்குச் சொல்லும். ஈசியூ அதை நம்பி இன்னும் கொஞ்சம் பூஸ்ட் கொடுக்கும். 25 முதல் 45 ஆயிரம் வரை விற்கிறார்கள்.

இதன் கவர்ச்சி, கழற்றிவிடலாம் என்பது. சர்வீஸுக்கு விடும்முன் எடுத்து டிக்கியில் போட்டுக்கொள்ளலாம், வண்டியை விற்கும்போது தனியாக விற்றுக் காசு பார்க்கலாம். ஆனால் பூஸ்ட் மட்டும் ஏறி டைமிங் தொடப்படாமல் கிடப்பதால், ரீமேப்பில் வரும் வழவழப்பு இதில் வராது. வண்டிக்கு வண்டி நடத்தையும் மாறும். சிலவற்றில் நன்றாக ஓடும், சிலவற்றில் மழைக்கால ஈரத்தில் கனெக்டர் மக்கர் செய்து இன்ஜின் லைட் எரியும். பெட்டியைக் கழற்றினாலும், அது இருந்தபோது பதிவான விசித்திரமான அழுத்த அளவுகள் ஈசியூவில் இருக்க வாய்ப்புண்டு. வாரன்டிக்குள் ஆசையை அடக்க முடியாதவருக்கு இது ஒரு வடிகால், அவ்வளவுதான். ரீமேப்புக்கு மாற்று என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகச் சுழற்சியில் முழு பாரம் ஏற்றினால், ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அடி விழும். ஆறாவது கியரில் 1,500 சுழற்சியில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்துவதுதான் அதற்கான அழைப்பிதழ். பூஸ்ட் கூட்டிய வண்டியில் இது இன்னும் மோசம். ஒரு கியர் குறைத்துவிட்டு அழுத்துங்கள். ஆயிலும் கையேட்டில் சொன்ன தரத்திலேயே இருக்கட்டும்; 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் இந்தப் பிரச்சினைக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது.

டயரும் பிரேக்கும்

இதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் லைக் போடமாட்டார்கள். ஆனால் என் ஓட்டு இதற்குத்தான்.

விர்டஸ் ஜிடியின் டயர் அளவு 205/55 ஆர்16. நல்ல பிடிப்புள்ள டயர் ஒன்று 9 முதல் 12 ஆயிரம். நான்கும் அலைன்மென்டும் சேர்த்து 40 முதல் 50 ஆயிரம். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதில் இந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கடையில் டயரின் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள், நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரத்தில் செய்தது. ‘எல்லாம் புது ஸ்டாக்தான் சார்’ என்று சொல்லி இரண்டு வருடக் கிடப்பு டயரை மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கிலும் எண்ணைப் படித்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள்.

முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி இது. மழையில் நனைந்த சாலையில் இரண்டாவது கியரில் முழுக்க அழுத்தினால் 250 என்எம்முக்கே டிராக்ஷன் விளக்கு மினுக்கும். அதே டயரில் 300 என்எம் கொடுத்தால் விளக்கு இன்னும் நேரம் எரியும், வேறென்ன? நல்ல டயர் போட்டால் இருக்கும் சக்தியே முழுதாகத் தரைக்கு வருகிறது. வளைவிலும், பிரேக்கிலும், மழையிலும் பலன் உண்டு. ரீமேப்பின் பலனோ நேராக அழுத்தும்போது மட்டும்.

பிரேக்குக்கு வருவோம். வேகம் 100-லிருந்து 120 ஆனால் கூடுவது 20 சதவீதம், பிரேக் தின்றாக வேண்டிய ஆற்றல் கூடுவது 44 சதவீதம். பின்னால் டிரம் பிரேக் வந்த விர்டஸில் அந்தச் சுமையில் பெரும்பங்கு முன் டிஸ்க்கின் தலையில்தான். பெரிய காலிபர் கிட் எல்லாம் வேண்டாம், அது பட்ஜெட்டையே விழுங்கிவிடும். முன்பக்கத்துக்கு நல்ல பேடு, அப்புறம் பிரேக் ஆயில். ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரிவரை இறங்கலாம். டாட் 5.1 என்றால் 260-ம் 180-ம். கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், பாதி வழியில் பேடு தீய்ந்த வாசனை வரும். பழைய ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 180 பிஎஸ் அப்போது எதற்கும் உதவாது. பேடும் ஆயிலும் கூலியும் சேர்த்து 10 முதல் 13 ஆயிரம். இந்த மூன்று வழிகளில் இவ்வளவு மலிவாக இவ்வளவு தருவது வேறில்லை.

ஓரமாக வைக்க வேண்டியவை

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் பைப் போடும் ஸ்டேஜ் 2 தினசரி வண்டிக்கு வேண்டாம். புகைச் சான்றிதழ் சிக்கல் ஒரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்சி புக்கில் உள்ள கம்பெனி விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ரீமேப்பும் பாக்ஸும் வெளியே தெரியாது என்பதால் சட்டமோ இன்சூரன்ஸ்காரரோ கேள்வி கேட்கமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சொல்லாமல் செய்த மாற்றம் பெரிய விபத்துக்குப் பிறகு கிளைமை இழுத்தடிக்கக் காரணமாகும்.

திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைத்தான் குடிக்கும். நல்ல சத்தம் கிடைக்கும். லோயரிங் ஸ்பிரிங்? ஆள் ஏறாதபோது 179 மி.மீ. தரை இடைவெளி உள்ள வண்டியைக் குறைத்துவிட்டு நம்மூர் ஸ்பீட் பிரேக்கரில் ஐந்து பேரோடு ஏற்றிப் பாருங்கள்.

என் பணமாக இருந்தால்

வாரன்டியில் இருக்கும் டிஎஸ்ஜி: டயர், பேடு, ஆயிலுக்கு 60 ஆயிரம். மிச்சம் 40-ஐத் தொடமாட்டேன். வாரன்டி முடிந்த பிறகு இந்தக் கியர்பாக்ஸுக்கு அது தேவைப்படும். வாரன்டியில் இருக்கும் மேனுவலுக்கும் இதே 60 ஆயிரம்தான், மேப் ஆசை வாரன்டி முடியும்வரை காத்திருக்கட்டும். வாரன்டி முடிந்த மேனுவலில் அதே 60 ஆயிரத்தை முதலில் செலவழித்துவிட்டு, மிச்ச 40-க்கு அடங்கும் ஸ்டேஜ் 1 போடுவேன். அதற்கும் டயர் மாற்ற வேண்டிய நேரம் வரும்வரை பொறுப்பேன், நல்ல டயரைக் கழற்றிப் போட மனசு வராது. வாரன்டி முடிந்த டிஎஸ்ஜியில் மேப் போட்டே தீர வேண்டும் என்றால், டார்க்கை அடக்கி, பிஎஸ்ஸை மேல் சுழற்சியில் மட்டும் கூட்டித் தரும் டியூனரைத் தேடுவேன். காகிதத்தில் எண் சின்னதாகத்தான் தெரியும், கிளட்ச்சுக்கு அதுதான் நல்லது.

டியூனரிடம் போகும்போது, உங்கள் வண்டியை மேப்புக்கு முன்னும் பின்னும் டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) ஏற்றித் தருவாரா என்று கேளுங்கள். வேறு யாருடைய வண்டியின் தாளையோ காட்டினால் வாசலோடு திரும்பிவிடலாம். குறைந்த பாரத்தில் இரண்டு சிலிண்டரை அணைக்கும் வசதி மேப்புக்குப் பிறகும் வேலை செய்யுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் நெடுஞ்சாலை மைலேஜ் அடிவாங்கும். கம்பெனி ஃபைலின் காப்பி ஒன்றைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டியூனர் கடையை மூடிவிட்டாலும் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது வேண்டும்.