பழைய எம்எம்540 ஜீப்பை வீட்டிலேயே பிரித்துக் கட்டி ஓட்டிய அனுபவம்

போடி, குமுளி பக்கம் ஜீப் இல்லாமல் ஏலத்தோட்ட வேலை நடக்காது. ஆள் ஏற்றுவது, மூட்டை இறக்குவது எல்லாமே அதில்தான். அதனால் ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. இருந்தும் என்னுடைய மகிந்திரா எம்எம்540ஐ வீட்டுக் கொட்டகையில் சேஸி (அடிச்சட்டம்) வரைக்கும் பிரித்துப் போட்டு நானே கட்டினேன். காரணம் ஒன்றுதான்: வெளியே விட்டால் பெயின்ட், டயர், சீட் என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே முதலில் காசு போகும், வண்டியை ரோட்டில் பிடித்து வைக்கிற பாகங்கள் கடைசிக்குத் தள்ளப்படும். கட்டி முடித்து சில மழைக்காலம் ஓட்டியாகிவிட்டது, எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

எஞ்சினைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பியூஜோ எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி டீசல். லைனர், பிஸ்டன் செட் புதிது, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்தேன், பம்ப்பும் நாசிலும் பம்ப் சர்வீஸ்காரரிடம் போயின. ஹீட்டர் பிளக் நான்கும் உயிரோடு இருந்தால் மார்கழிக் காலையிலும் ஒரே செல்ஃபில் எடுக்கும், ஒன்று போனாலும் வெள்ளைப் புகையோடு இழுக்கும். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள், அவ்வளவுதான். மலையில் லிட்டருக்கு 9 கிலோமீட்டர், கீழே 11 கிடைக்கிறது.

உண்மையான வேலை முன் ஆக்ஸிலில் இருக்கிறது. பழைய ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஐம்பதில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறிவிட்டு ஆட ஆரம்பிக்கும், வண்டியை அநேகமாக நிறுத்தினால்தான் ஆட்டம் நிற்கும். இதற்கு ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரியான ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்பார்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், கொஞ்ச நாளில் அதுவும் தளர்ந்து பழைய கதைதான். முன்சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங்கில் இறுக்கம் போயிருக்கும், கூடவே இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்புகிற கம்பியான டை ராடின் முனை மூட்டும் (எண்ட்) ஸ்ப்ரிங் புஷ்ஷும் தேய்ந்திருக்கும். அங்கேதான் பார்க்க வேண்டும்.

கிங்பின் வேலையை இப்படிச் செய்தேன். டை ராடைக் கழற்றி, ஷாஃப்டை உருவி, உருண்டை ஹவுசிங்கின் பின்னால் இருக்கும் ஆயில் சீல், ஃபெல்ட் (கம்பளித் துணி) சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவற்றின் உரசல் கணக்கைக் கெடுத்துவிடும். புது பேரிங் போட்டு, சக்கரத்தோடு திரும்புகிற நக்கிளின் ஆர்மில் டை ராட் மாட்டுகிற ஓட்டையில் ஒரு ஸ்ப்ரிங் தராசைக் கொக்கி போட்டு மெதுவாக இழுத்துப் பார்ப்பது. முள் குதிக்காமல் ஒரே இடத்தில் நின்று நக்கிள் சீராகத் திரும்ப வேண்டும். லூசாக இருந்தால் ஷிம் (பேரிங் மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) எடுக்க வேண்டும், அதுவும் மேலே எடுத்த அளவே கீழேயும், அப்போதுதான் ஷாஃப்ட் நடுவில் நிற்கும். காகிதம்போல மெலிந்த ஷிம் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ கையில் வித்தியாசம் தெரிகிறது. பிறகு டை ராட் எண்ட் நான்கு, ஸ்ப்ரிங் புஷ், ஷேக்கிள் எல்லாம் புதிது. அதன்பின் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டேன், டேம்பரே இல்லாமல் ஒருமுறைகூட அந்த ஆட்டம் வரவில்லை. மொத்த வேலையில் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

ஃபெல்ட் சீல் மட்டும் நிற்காது, அதை ஒத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். ஓடை இறங்கி ஏறினால் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் வெளுத்துவிடும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் திறந்து துடைத்துப் புது கிரீஸ் வைக்கிறேன். டிரம் பிரேக்கும் அப்படித்தான், நனைந்தால் பிடிக்காது. ஓடையைத் தாண்டியதும் லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டும். வீல் சிலிண்டரில் துருப்புள்ளி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போட்டுத் தேற்றாமல் சிலிண்டரையே மாற்றுங்கள், பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாடியில் தரை அரித்துப் போயிருந்தது. ரெடிமேட் பாடி ஒன்றைப் போய்ப் பார்த்தேன், தகடு மெலிசு, மவுன்ட் ஓட்டைகள் சேஸியோடு ஒத்துப்போகவில்லை, திரும்பி வந்துவிட்டேன். பழைய பாடியிலேயே கெட்டதை வெட்டி எடுத்து, 16 கேஜ் தகடு போட்டு சிஓ2 வெல்டிங் வைத்தேன். மேடுபள்ளத்தை மறைக்கும் பட்டியை அள்ளிப் பூசாமல் இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை விட்டதால் தரை இன்றும் சுத்தமாக இருக்கிறது. பெயின்ட் அங்கங்கே உரிந்திருக்கிறது, தோட்டத்துக்குள் போகிற வண்டிக்கு அது பரவாயில்லை.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி ஒன்று. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றுகிற அமைப்பு இது, திருப்பத்தில் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் போட்டுத் திருப்பினால் கியர்களுக்குள் முறுக்கு ஏறி லிவரே வெளியே வராது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும். சேறு, சரளை, ஈரப்புல்லில் மட்டும் போடுங்கள். ஃபோர் வீலின் லோ கியரில் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடுவதால் மேட்டில் கிளட்ச்சைத் தேய்க்க வேண்டிய வேலையே இல்லை. இறக்கத்திலும் லோ ஃபர்ஸ்டில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

அப்புறம் பேப்பர். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது சேஸி நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள், அதனால் துரு எடுக்கும்போது அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது, உப்புத்தாள் போதும். மாற்றம் செய்கிற ஆசை இருப்பவர்கள், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தராது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னதையும் மனதில் வையுங்கள். நான் எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்தபடியே வைத்தேன், புதுப்பிக்கும்போது ஒரு கேள்வியும் வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆர்சியை வாங்கி சேஸி நம்பரோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால், பாடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.